அட்டையில் எந்தக் கட்டம்?

2016-ம் ஆண்டு மே மாதம். பாகிஸ்தானின் வடமேற்கு மூலையில் உள்ள பெஷாவர் நகரம்.

குண்டு பாய்ந்த ஒருவரை அந்த நகரின் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். உடம்பெல்லாம் ரத்தம். உயிர் ஊசலாடிக் கொண்டிருந்தது. கூட வந்தவர்கள் கட்டில் கேட்டுக் கதறினார்கள்.

கட்டில் உடனே கிடைக்கவில்லை. ஒரு கேள்விதான் கிடைத்தது.

ஆண்கள் வார்டா? பெண்கள் வார்டா?

அடிபட்டுக் கிடந்தவர் பெயர் அலீஷா. அவர் ஒரு திருநங்கை. ஆணாகப் பிறந்து, பெண்ணாக வாழ்ந்தவர். தன்னைப் போன்றவர்களின் உரிமைக்காக ஒரு சங்கத்தில் வேலை பார்த்து வந்தவர்.

ஆண்கள் வார்டுக்குக் கொண்டு போனால் அங்கே எதிர்ப்பு. பெண்கள் வார்டுக்குக் கொண்டு போனால் அங்கேயும் எதிர்ப்பு. இப்படி அலைந்ததில் சிகிச்சை தாமதம் ஆகிவிட்டது என்று கூட வந்தவர்கள் பிறகு குமுறினார்கள். நாட்டியம் ஆட என்ன கூலி வாங்குகிறீர்கள் என்று தங்களைச் சிலர் கேலியாகக் கேட்டதாகவும் சொன்னார்கள்.

சில நாட்களில் அலீஷா இறந்துவிட்டார்.

இந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. இத்தனைக்கும் அந்த நாட்டில் அப்போதே சட்டம் திருநங்கைகளுக்குச் சாதகமாக இருந்தது. நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டு, "இவர்களும் குடிமக்களே" என்று தீர்ப்புச் சொல்லி நாலு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களுக்கென்று அடையாள அட்டையில் தனிக் கட்டமும் இருந்தது.

அட்டையில் கட்டம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை.

அரண்மனையில் இருந்தவர்கள்

பாகிஸ்தானில் திருநங்கைகளை மரியாதையாகக் குறிப்பிட ஒரு சொல் உண்டு. "குவாஜா சிரா" என்பது அது. மொகலாய பாதுஷாக்கள் காலத்துச் சொல். அந்தப்புரத்தின் காவல் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்தப் பட்டம். அவர்கள் ஆண்மை நீக்கப்பட்டவர்கள். அதனால் ராணிகள் இருக்கும் இடத்திலும் போகலாம். ராஜா இருக்கும் இடத்திலும் போகலாம். பலர் அடிமைகளாக வந்தவர்கள்தான். ஆனாலும் சிலர் கையில் கஜானாச் சாவியே இருந்தது.

அயோத்தி ராஜ்யத்தில் ஜவாஹர் அலி கான், பஹார் அலி கான் என்று இரண்டு பேர் இருந்தார்கள். பேகம்களின் சொத்து முழுவதையும் நிர்வாகம் செய்தவர்கள் அவர்களே. பேகம்களின் பொக்கிஷத்தைப் பறிப்பதற்காக, கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், 1782-ல், இந்த இருவரையும் சிறையில் போட்டு விலங்கு மாட்டினார்கள். பின்னால் லண்டன் பாராளுமன்றத்தில் ஹேஸ்டிங்ஸ் மீது வழக்கு நடந்தபோது, அயோத்தி பேகம்களுக்கு நடந்த கொடுமை ஒரு பெரிய குற்றச்சாட்டாக எழுந்தது.

அரண்மனைக்கு வெளியே இருந்தவர்கள் நிலை வேறு. அவர்களை "ஹிஜ்ரா" என்பார்கள். கலியாண வீட்டிலும், பிள்ளை பிறந்த வீட்டிலும் போய் ஆடிப் பாடுவார்கள். வாழ்த்துச் சொல்லிக் காசு வாங்குவார்கள். அந்தக் காசுக்கு "பதாய்" என்று பெயர். ஹிஜ்ராவின் வாழ்த்து பலிக்கும், சாபமும் பலிக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். இந்தப் பயமே அவர்களுக்குச் சோறு போட்டது!

வெள்ளைக்காரன் போட்ட பூட்டு

பிறகு வெள்ளைக்காரர் ஆட்சி வந்தது. இரண்டு சட்டங்கள் வந்தன.

முதல் சட்டம் 1860-ல் வந்த தண்டனைச் சட்டம். இதை முதலில் எழுதியவர் மெக்காலே பிரபு தலைமையில் இருந்த குழு. அதில் 377-வது பிரிவு, "இயற்கைக்கு மாறான" உறவு குற்றம் என்றது. ஆணும் ஆணும் கூடினால் ஜெயில். சென்னைக்கும் அதே சட்டம். லாகூருக்கும் அதே சட்டம்.

இரண்டாவது, 1871-ல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம். நம் ஊரில் இந்தப் பெயரைக் கேட்டதும் சில சாதிகள் பட்ட பாடு நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சட்டத்தில் இரண்டாம் பாகம் என்று ஒன்று இருந்தது. அது முழுக்க முழுக்க ஹிஜ்ராக்களைப் பற்றியது.

அவர்கள் பெயரைப் போலீசார் பதிவேட்டில் எழுதிக் கொள்ளலாம். பதிவேட்டில் இருப்பவர் பெண் உடை உடுத்தித் தெருவில் வந்தால் இரண்டு ஆண்டு வரை ஜெயில். பொது இடத்தில் ஆடினாலும் பாடினாலும் அதே தண்டனை. உயில் எழுதக் கூடாது. பிள்ளையைத் தத்து எடுக்கக் கூடாது. இந்தச் சட்டம் நடந்த மாகாணங்களில் பஞ்சாப்பும் ஒன்று. அன்றைய பஞ்சாப்பில் லாகூரும் உண்டு, பெஷாவரும் உண்டு.

ஆடினால்தான் சோறு. ஆடினால் ஜெயில். எப்படி இருந்திருக்கும் அந்த வாழ்க்கை!

குற்றப் பரம்பரைச் சட்டம் ஒழிந்துவிட்டது. ஆனால் அது மனிதர்கள் மனதில் போட்ட கறை ஒழியவில்லை. 377-வது பிரிவோ ஒழியவே இல்லை. 1947-ல் நாடு பிரிந்தபோது பாகிஸ்தான் அந்தச் சட்டப் புத்தகத்தை அப்படியே எடுத்துக் கொண்டது. அதன்படி இரண்டு ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை தண்டனை கொடுக்கலாம். ஆயுள் தண்டனையும் கொடுக்கலாம். இந்தியாவில் 2018-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் மனம் ஒப்பிச் சேர்ந்தால் அது குற்றம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. எல்லைக்கு அந்தப் பக்கம் பூட்டுப் பூட்டியபடியே இருக்கிறது.

வீட்டை விட்டு வெளியே

ஒரு பையன். வயது பத்தோ பன்னிரண்டோ. நடை வேறு மாதிரி இருக்கிறது. பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. அக்காளின் துப்பட்டாவை எடுத்துப் போட்டுக் கொள்கிறான். தகப்பன் அடிக்கிறான். அண்ணன் அடிக்கிறான். பள்ளிக்கூடத்தில் கேலி. அக்கம்பக்கத்தார் பேச்சு. குடும்ப மானம் போய்விட்டது என்று தாயும் கண்ணைத் துடைத்துக் கொண்டு சும்மா இருந்துவிடுகிறாள். ஒரு நாள் பையன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான். அல்லது துரத்தப்படுகிறான்.

பாகிஸ்தானில் திருநங்கைகள் சொல்லும் கதைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன. நம் நாட்டுக் கதைக்கும் இதற்கும் துப்பட்டா ஒன்றுதான் வித்தியாசம்.

வெளியே வந்த பிள்ளைக்கு ஒரு "குரு" கிடைக்கிறார். அவரும் திருநங்கை. பிள்ளை அவருக்குச் "சேலா" ஆகிறது. சேலா என்றால் சீடர். குருவின் இருப்பிடத்துக்கு "டேரா" என்று பெயர். அங்கே சாப்பாடு உண்டு, பாதுகாப்பு உண்டு, அம்மா, சகோதரி என்று உறவு முறையும் உண்டு. பதிலுக்குச் சம்பாத்தியத்தில் குருவுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். நல்ல குருவும் உண்டு. பிழிந்தெடுக்கும் குருவும் உண்டு.

சம்பாத்தியத்துக்கு என்ன வழி? கலியாணத்தில் ஆடலாம். சிக்னலில் கார்க் கண்ணாடியைத் தட்டிப் பிச்சை எடுக்கலாம். மூன்றாவது வழி, உடம்பை விற்பது. வேறு வேலை யாரும் கொடுப்பதில்லை.

தட்சசீலத்தில் தொடங்கிய வழக்கு

ராவல்பிண்டிக்குப் பக்கத்தில் டாக்சிலா என்று ஓர் ஊர். பழைய புத்தகங்களில் தட்சசீலம் என்று வருமே, அதே ஊர்தான். 2009-ம் ஆண்டு தொடக்கத்தில், கலியாண வீட்டில் ஆடிவிட்டுத் திரும்பிய திருநங்கைகளை அங்கே போலீசார் பிடித்தார்கள். பணத்தைப் பறித்தார்கள், மானபங்கம் செய்தார்கள் என்று புகார் எழுந்தது.

இப்படிப்பட்ட சம்பவம் புதிது அல்ல. ஆனால் இந்தத் தடவை ஒரு வக்கீல் சும்மா இருக்கவில்லை. அவர் பெயர் முகம்மது அஸ்லம் காக்கி. இவர் இஸ்லாமியச் சட்டத்தில் தேர்ந்தவர். நேராகச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் மனுக் கொடுத்தார். அரசியல் சட்டம் எல்லோருக்கும் மரியாதையான வாழ்வு தருகிறதே, இவர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அவர் வாதம்.

பிரதம நீதிபதி இப்திகார் முகம்மது சவுத்ரி வழக்கை விசாரித்தார். திருநங்கைகளைக் கணக்கெடுக்கும்படி மாகாண சர்க்கார்களுக்கு உத்தரவு போட்டார். 2009 டிசம்பரில், அடையாள அட்டையில் அவர்களுக்கெனத் தனிக் கட்டம் வேண்டும் என்று உத்தரவாயிற்று. 2012-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. படிப்பு, வேலை, ஓட்டு, தகப்பன் சொத்து எல்லாவற்றிலும் மற்றவர்களுக்கு உள்ள உரிமை இவர்களுக்கும் உண்டு என்று கோர்ட்டு சொன்னது.

பாகிஸ்தானில் அடையாள அட்டை இல்லாமல் ஒன்றும் நடக்காது. பாங்கில் கணக்குத் தொடங்கவும் அட்டை, டெலிபோன் வாங்கவும் அட்டை, ஓட்டுப் போடவும் அட்டை. அதனால் இது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அட்டை வாங்கப் போன இடத்தில் அடுத்த சிக்கல். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார்கள். பத்து வயதில் துரத்தப்பட்டவர் தகப்பனுடைய அட்டைக்கு எங்கே போவார்? பல ஆண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2017-ல், பெற்றோர் விவரம் இல்லாதவர்கள் குருவின் பெயரைக் கொண்டே பதிவு செய்து கொள்ள வழி பிறந்தது.

2013-ம் ஆண்டுத் தேர்தலில் சில திருநங்கைகள் வேட்பாளராகவே நின்றார்கள். கராச்சியில் பிந்தியா ராணா என்பவர் சிந்து மாகாண சட்டசபைக்குப் போட்டியிட்டார். ஜெயிக்கவில்லை. ஓட்டுக் கேட்டு வீடு வீடாகப் போனாரே, அதுவே பெரிய காரியம்.

வேலை கொடுத்த விதமும் ஒன்று உண்டு. கராச்சியில் வரி பாக்கி வசூலிக்கத் திருநங்கைகளை அமர்த்தினார்கள். பாக்கி வைத்தவர் கடை வாசலில் நின்று கைதட்டிப் பாடுவது அவர்கள் வேலை. கடைக்காரர் வெட்கப்பட்டுப் பணத்தைக் கட்டிவிடுவார்! இதற்கு முன்மாதிரி நம் பாட்னா நகரம். 2006-ல் அங்கே இதே முறையைச் செய்து பார்த்தார்கள். சம்பளம் கிடைத்தது என்பது சரி. ஆனால், "உன்னைக் கண்டாலே மற்றவர்கள் வெட்கப்படுவார்கள், அதுவே உன் தகுதி" என்று சொல்லிக் கொடுக்கும் வேலையை நல்ல வேலை என்று எப்படிச் சொல்வது?

ஒன்றரைப் பங்கு

2017-ல் பாகிஸ்தானில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். முதல் தடவையாகத் திருநங்கைகளையும் தனியாக எண்ணினார்கள். 20 கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள நாட்டில் 10,418 பேர் என்று கணக்கு வந்தது. 2023-ல் எடுத்த கணக்கில் 20,331 பேர். உண்மைத் தொகை இதைப் போலப் பல மடங்கு என்பது அவர்களுடைய சங்கங்களின் வாதம். வாசலில் நின்று கேட்கும் குமாஸ்தாவிடம், "எங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உண்டு" என்று எத்தனை தகப்பன்மார் சொல்லியிருப்பார்கள்?

அடுத்த ஆண்டு, 2018 மே மாதத்தில், பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அது. (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்கிறோம்.) உலகமே வியந்தது. பணக்கார நாடுகள் பலவற்றில்கூட அப்படி ஒரு சட்டம் அப்போது இல்லை.

அந்தச் சட்டத்தின் உயிர்நிலை ஒரே வரிதான். 18 வயது ஆனவர், தான் ஆணா, பெண்ணா, வேறா என்பதைத் தானே சொல்லலாம். டாக்டர் சான்று தேவை இல்லை. அவர் சொல்கிறபடி அட்டையில் எழுத வேண்டும்.

இன்னும் பல உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சிகிச்சை மறுக்கக் கூடாது. வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது. இவர்களைப் பிச்சை எடுக்கும்படி ஏவினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சொத்துப் பங்குக்கும் கணக்குச் சொன்னது. முஸ்லிம் சட்டப்படி, தகப்பன் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. திருநம்பிக்கு ஆண் பங்கு. திருநங்கைக்குப் பெண் பங்கு. இரண்டும் இல்லை என்பவருக்கு? ஆணாக இருந்தால் எவ்வளவு வரும், பெண்ணாக இருந்தால் எவ்வளவு வரும் என்று இரண்டு தடவை கணக்குப் போட்டு, நடுவில் உள்ள தொகையைக் கொடுக்க வேண்டும். சுமாராகச் சொன்னால் ஒன்றரைப் பங்கு!

இந்தக் கணக்கினால் ஒரு விசித்திரம் நடந்தது. பல திருநங்கைகள் அட்டையில் கட்டத்தை மாற்றிக் கொள்ளவே விரும்பவில்லை. பெண் உடை உடுத்திப் பெண்ணாக வாழ்ந்தாலும், அட்டையில் "ஆண்" என்றே வைத்துக் கொண்டார்கள். மாற்றினால் தகப்பன் சொத்தில் பாதி போய்விடும். மற்றொன்று, ஹஜ் யாத்திரை. அட்டையில் தனி எழுத்து இருந்தால் மெக்காவுக்குப் போக அனுமதி கிடைக்காது என்ற பயம். முஸ்லிமாகப் பிறந்தவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அங்கே போக வேண்டும் என்ற ஆசை இருக்காதா?

கலியாணம் செய்ததற்கு ஜெயில்

சட்டம் திருநங்கைக்குத் திறந்த கதவு, எல்லோருக்கும் திறக்கவில்லை. 2007-ல் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள்.

பைசலாபாத் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெண். அவளை ஓர் இளைஞர் கலியாணம் செய்து கொண்டார். இருவரும் மனம் ஒத்து வாழ்ந்தார்கள். பெண்ணின் தகப்பனார் கோர்ட்டுக்குப் போனார். "மாப்பிள்ளை ஆண் அல்ல, பெண்" என்றார்.

மாப்பிள்ளை பெண்ணாகப் பிறந்தவர்தான். ஆபரேஷன்கள் செய்து கொண்டவர். தாடி வைத்திருந்தார். ஆணாகவே வாழ்ந்தார். லாகூர் ஐகோர்ட்டில் கேட்டபோது, தான் ஆண் என்றே சொன்னார். கோர்ட்டு டாக்டர்களை விட்டுச் சோதனை செய்தது. டாக்டர்கள், "இவர் பெண்தான்" என்றார்கள்.

பொய்ச் சத்தியம் செய்த குற்றத்துக்காக இருவருக்கும் மூன்று ஆண்டு ஜெயில் என்று 2007 மே மாதத்தில் தீர்ப்பாயிற்று. வேறு வேறு ஜெயிலில் போட்டார்கள். தம்பதி பத்திரிகைக்காரர்களிடம் பேசினார்கள். தங்களைப் பிரிக்க வேண்டாம் என்பதே அவர்கள் கேட்டது. ஒரு மாதம் கழித்துச் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை நிறுத்தி வைத்து இருவரையும் ஜாமீனில் விட்டது.

இதுபோல ஆணை விரும்பும் ஆண்களும், பெண்ணை விரும்பும் பெண்களும் எல்லா நாட்டிலும் இருப்பது போலப் பாகிஸ்தானிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அட்டையில் கட்டம் இல்லை. பெயர்கூட மரியாதையாக இல்லை. திருநங்கையைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியும். இவர்களைப் பார்த்தால் தெரியாது. அதுவே அவர்களுக்குப் பாதுகாப்பு. அதுவே அவர்களுக்குத் தண்டனை.

377-வது பிரிவின் கீழ் இவர்கள்மேல் வழக்குப் போடுவது அபூர்வம். ஆனால் அந்தப் பிரிவு இருப்பதே போதும். போலீஸ்காரர் மிரட்டிப் பணம் பறிக்கலாம். தெரிந்தவர் மிரட்டலாம். வீட்டிலே, "ஒரு கலியாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். கலியாணமும் நடக்கும். ஒன்றும் சரியாகாது. ஒன்றுமே அறியாத இன்னொரு ஜீவனும் அந்த வீட்டில் கிடந்து வாடும்.

2013-ல் இப்படிப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசிக் கொள்ள ஆரம்பித்த ஓர் இணையதளத்தைச் சர்க்கார் மூடியது. 2020-ல் துணை தேடும் டெலிபோன் செயலிகள் ஐந்தைத் தடை செய்தது. ஒழுக்கக் கேடு என்பது காரணம்.

மதம் என்ன சொல்கிறது?

மதவாதிகள் அத்தனை பேரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

2016-ல், அலீஷா இறந்த அடுத்த மாதம், லாகூரில் சுமார் 50 மவுல்விகள் சேர்ந்து ஒரு பத்வா வெளியிட்டார்கள். திருநங்கையை வீட்டை விட்டுத் துரத்துவது பாவம். சொத்துப் பங்கை மறுப்பது தவறு. கேலி செய்வதும் தவறு. இறந்தால் மற்ற முஸ்லிம்களைப் போலவே அடக்கம் செய்ய வேண்டும் என்றார்கள். உடலில் ஆண் அடையாளம் அல்லது பெண் அடையாளம் தெளிவாக இருந்தால், அதற்கு ஏற்றபடி கலியாணமும் செய்யலாம் என்றார்கள். இரண்டு அடையாளமும் கலந்து இருந்தால் கூடாது என்றார்கள். பழைய இஸ்லாமியச் சட்ட நூல்களிலேயே, ஆண், பெண் என்று தெளிவாகச் சொல்ல முடியாத உடம்போடு பிறந்தவர்களுக்குப் பங்கு பிரிப்பது எப்படி என்று விளக்கம் உண்டு.

இஸ்லாமாபாத்தில் ராணி கான் என்ற திருநங்கை இருக்கிறார். 13 வயதில் குடும்பம் கைவிட்டது. பிச்சை எடுத்தார். 17 வயதில் நாட்டியக் கூட்டத்தில் சேர்ந்து கலியாணங்களில் ஆடினார். ஒரு நாள் கனவு கண்டார். இறந்துபோன ஒரு தோழி, அவரும் திருநங்கைதான், கனவில் வந்து, நம்மவர்களுக்கு ஏதாவது செய் என்று கெஞ்சினாராம். ராணி கான் ஆட்டத்தை விட்டார். குர்ஆன் ஓதப் படித்தார். 2020 அக்டோபரில், சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு இரண்டே அறையில் ஒரு மதரசா தொடங்கினார். திருநங்கைகளுக்கு மட்டும்! மற்ற மதரசாக்களிலும் பள்ளிவாசல்களிலும் தங்களைக் கண்டால் முகம் சுளிக்கிறார்களே என்ற வேதனையில் பிறந்தது அது. ஓதச் சொல்லிக் கொடுப்பதோடு, தையலும் பூ வேலையும் சொல்லிக் கொடுத்தார்.

சிக்னலில் நின்ற வக்கீல்

நிஷா ராவ் என்பவர் லாகூர்க்காரர். 18 வயதில் வீட்டை விட்டு வெளியேறிக் கராச்சிக்கு வந்தார். அங்கிருந்த திருநங்கைகள் இரண்டு வழி காட்டினார்கள். பிச்சை, அல்லது உடம்பை விற்பது. நிஷா பிச்சையைத் தேர்ந்தெடுத்தார். பகலில் சிக்னலில் நின்றார். அந்தக் காசைக் கட்டி, மாலையில் சட்டக் கல்லூரிக்குப் போனார். 2020-ல் வக்கீல் உரிமம் வாங்கினார். பாகிஸ்தானின் முதல் திருநங்கை வக்கீல் என்று பத்திரிகைகள் எழுதின.

லாகூரில் மார்வியா மாலிக் 2018-ல் டெலிவிஷனில் செய்தி வாசித்தார். நாட்டில் முதல் தடவை. கராச்சியில் சாரா கில் 2022-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். முல்தான் நகரில் 2021-ல் சர்க்காரே திருநங்கைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் திறந்தது.

இவற்றைப் படித்தால் வெற்றிக் கதை போல இருக்கிறது அல்லவா? 2023 பிப்ரவரியில் மார்வியா மாலிக்கை அவர் வீட்டு வாசலிலேயே துப்பாக்கியால் சுட்டார்கள். தெய்வாதீனமாக உயிர் தப்பினார்.

மீண்டும் கோர்ட்டு

2021-ல் உள்துறை அமைச்சகம் மேல்-சபையில் ஒரு கணக்குச் சொன்னது. மூன்று ஆண்டுகளில் சுமார் 28 ஆயிரம் பேர் பதிவேட்டில் ஆண், பெண் கட்டத்தை மாற்றியிருக்கிறார்கள் என்றது. பெரிய கூச்சல் எழுந்தது. ஜமாத்-ஏ-இஸ்லாமி கட்சியின் முஷ்டாக் அகமது கான் போன்றவர்கள், "ஆணும் ஆணும் கலியாணம் செய்ய இந்தச் சட்டம் கொல்லைப்புற வழி" என்றார்கள். சட்டத்தை ஆதரித்தவர்கள், "அவற்றில் பெரும்பாலானவை குமாஸ்தாக்கள் செய்த பிழையைத் திருத்தியது" என்றார்கள். இரண்டாவது சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

அதே சூட்டில், 2022-ல், "ஜாய்லேண்ட்" என்ற படம் மாட்டிக் கொண்டது. மணமான ஓர் ஆண், நாட்டியம் ஆடும் திருநங்கைமேல் மனதைப் பறிகொடுக்கும் கதை. பிரான்சில் கேன்ஸ் பட விழாவில் பரிசு வாங்கிய படம். பாகிஸ்தானில் திரையிட இருந்த நேரத்தில் தடை. பிறகு தடை நீங்கியது. ஆனாலும் படம் எடுத்த ஊராகிய லாகூரில் அதைக் காட்ட முடியவில்லை. பஞ்சாப் மாகாணம் தனியாகத் தடை போட்டுவிட்டது!

பாகிஸ்தானில் பெடரல் ஷரியத் கோர்ட்டு என்று ஒன்று உண்டு. ஜெனரல் ஜியா ஆட்சியில், 1980-ல் அமைத்தது. ஒரு சட்டம் இஸ்லாத்துக்கு ஒத்ததா என்று பார்ப்பது அதன் வேலை. 2018-ம் ஆண்டுச் சட்டம் அங்கே போயிற்று. 2023-ம் ஆண்டு மே 19-ந் தேதி தீர்ப்பு வந்தது.

ஒருவர் ஆணா, பெண்ணா என்பது உடம்பைப் பொறுத்தது. மனதில் தோன்றுவதைப் பொறுத்தது அல்ல என்று கோர்ட்டு சொன்னது. பிறவியிலேயே உடம்பில் வேறுபாடு உள்ளவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. சர்க்கார் அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்றது. ஆனால் தானே சொல்லிக் கட்டத்தை மாற்றுவது செல்லாது. ஒன்றரைப் பங்குக் கணக்கும் செல்லாது.

சட்டத்தின் மற்றப் பிரிவுகள் அப்படியே இருந்தன. உயிர்நிலையாக இருந்த அந்த ஒரு வரி போயிற்று.

அடையாள அட்டை இலாகா உடனே தனிக் கட்டத்தில் அட்டை கொடுப்பதை நிறுத்தியது. புதிதாக வாங்க வந்தவர்களும், பழையதைப் புதுப்பிக்க வந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். திருநங்கைத் தலைவர்கள் சுப்ரீம் கோர்ட்டின் ஷரியத் பெஞ்சுக்கு அப்பீல் போனார்கள். அந்த நாட்டு அரசியல் சட்டப்படி, அப்பீல் போட்டால் அது முடியும் வரை ஷரியத் கோர்ட்டுத் தீர்ப்பு அமலுக்கு வராது. ஆகவே சில மாதங்கள் கழித்து இலாகா ஜன்னலை மறுபடியும் திறந்தது.

அட்டைகளுக்கும் காலக்கெடு உண்டு. தேதி முடிந்தால் பழைய அட்டையை எடுத்துக் கொண்டு அதே ஜன்னலுக்கு வர வேண்டும். உள்ளே இருக்கும் குமாஸ்தா எந்தக் கட்டத்தில் எழுதுவார் என்பது, அப்பீலில் நீதிபதிகள் சொல்லப்போகும் பதிலைப் பொறுத்தது.